மூடி போட்ட படங்கள்

நிலாவை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். கையில் ஒரு போன், கொஞ்சம் வேலையில்லாத நேரம், அவ்வளவுதான் மூலதனம். எடுத்த கையோடு ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு "எப்படி இருக்கு?" என்று பாராட்டுக்குக் காத்திருப்பார்கள். நீங்களும் அப்படி ஒன்றை எடுத்திருப்பீர்கள். தவறில்லை. என் கணினியைத் தூக்கிப்போக வந்த உங்கள் கான்ஸ்டபிள் திரையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "நெட்டுல இருந்து எடுத்ததா சார்?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாட்டின்மேல் யாரும் கோபப்படுவதில்லை.

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் பேசுகிறேன். காரணம் ஒன்றுதான். நீங்கள் எழுதி எனக்குப் படித்துக் காட்டியதில் "வீட்டுக்காக" என்று வந்தது. மைத்துனர் போய்விட்டால் வீடு தங்கைக்கு வரும், அதனால் தங்கை கணவன் செய்திருக்கிறான் என்பது உங்கள் கணக்கு. அந்த வீட்டை நீங்கள் பார்த்தீர்கள். மழை பெய்தால் சமையலறைச் சுவர் ஊறும். கதவுகள் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. அதற்காக ஒருவன் இவ்வளவு சிரமப்படுவான் என்று நினைக்கிற அளவுக்குத்தான் உங்கள் கற்பனை போகிறது. அதைத் திருத்தத்தான் சொல்கிறேன்.

நான் தரைக்கல் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். ஓடும் பட்டையில் கற்கள் வரிசையாக வரும். மேலே விளக்கு. மயிரிழை விரிசல், ஊசிமுனைப் புள்ளி, நிறத்தில் ஒரு சாயல் கூடுதல், எது இருந்தாலும் அந்தக் கல்லை ஒதுக்கிவிட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் ஒதுக்கிய கற்களை விலை குறைத்து வாங்கிப்போய் வீட்டில் பதித்துக்கொண்டு, வித்தியாசமே தெரியவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்களும் என்னோடுதான் வேலை செய்கிறார்கள். அவர்களோடு பேச எனக்கு விஷயம் இருந்ததில்லை. அதனால்தான் வானத்துக்குப் போனேன்.

ஒரு பழைய தொலைநோக்கி, யாரோ விற்ற கேமரா, நட்சத்திரத்தின் பின்னாலேயே மெல்லத் திரும்பும் மோட்டார் வைத்த தாங்கி. மொட்டை மாடியில் வைத்துக் கற்றுக்கொண்டேன். சொல்லித்தர ஆளில்லை. முதல் வருடம் என் நட்சத்திரங்கள் புழு மாதிரி நெளிந்தன. பிறகு முட்டை மாதிரி ஆயின. தாங்கியின் அச்சைத் துருவத்துக்கு நேராக நிறுத்தப் பழகியபிறகுதான் புள்ளியாக நின்றன. நெபுலா என்கிற தூரத்து வாயு மேகங்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் ஒளி சொட்டுச் சொட்டாக வரும். கேமராவை நிமிடக்கணக்கில் திறந்து வைத்து அதைப் பிடிக்க வேண்டும். அப்படி ராத்திரிக்கு ராத்திரி பிடித்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், இருட்டுக்குள்ளிருந்து உருவம் எழுந்து வரும். படம் ஓடும்போது ஒரு விளக்கு எரிந்தால் போச்சு. தளத்தில் ஒருவர் நடந்தால் போச்சு. சும்மா இருக்கத் தெரிந்தவனுக்கான வேலை இது. எத்தனை பேருக்கு அது வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமராவுக்குச் சொந்தமாகச் சில பொய்கள் உண்டு. சூட்டினால் இல்லாத இடத்தில் புள்ளி காட்டும். அதைக் கண்டுபிடிக்க, வான் படங்களெல்லாம் முடிந்ததும் லென்ஸுக்கு மூடியைப் போட்டுவிட்டு, அதே குளிரில், அதே நேர அளவில் மறுபடி படங்கள் எடுக்க வேண்டும். வெறும் இருட்டுப் படங்கள். அதில் தெரிகிற புள்ளியெல்லாம் பொய். அவற்றை வான் படத்திலிருந்து கழித்துவிடலாம். மூடி போட்டபிறகு கவலையே இல்லை. விளக்கு எரியலாம், ஆள் நடக்கலாம், தளமே குலுங்கலாம். இருட்டை எதனாலும் கெடுக்க முடியாது.

இதை என் மைத்துனருக்கு நானே விளக்கினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அவர் எலக்ட்ரீஷியன். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தெருவில் அவரை "வெளிச்சம்" என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டில் மின்சாரம் போனாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அவர் கண்ணெதிரே ஒரு மூலை இருட்டாக இருக்கக் கூடாது. உடனே ஆணி அடித்து ஒரு பல்பைத் தொங்கவிட்டுவிடுவார். அவரைத் தொலைநோக்கியில் பார்க்கவைத்தேன். குனிந்து, ஒரு கண்ணை மூடி, பிறகு தவறான கண்ணை மூடி, நிமிர்ந்தார்.

"என்ன மாப்ள, புகை மாதிரி இருக்கு. கண்ணாடியத் தொடச்சியா?"

"அது நெபுலா மச்சான். அவ்வளவுதான் தெரியும்."

"இதுக்கா இவ்வளவு செலவு? நம்ம அடுப்படியில வந்து பாரு, இதைவிட நல்லாத் தெரியும்."

எங்கள் முதல் மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. நடுவில் ஒரு படி ஆடும். துணி காயப்போடப் போன என் மனைவி ஒருநாள் அதில் சறுக்கினாள். அன்று சாயங்காலமே அவளுடைய அண்ணன், ஆள் அசைந்தால் தானே எரிகிற விளக்கு ஒன்றைப் படிக்கட்டுக்கு மேல் மாட்டிவிட்டார். பூனை நடந்தாலும் எரியும். துண்டு காற்றில் ஆடினாலும் எரியும். படிக்கு வெல்டிங் வைத்தால் முடிந்த விஷயம். அதைச் செய்யச் சொன்னால், "வைக்கலாம் மாப்ள, அதான் லைட் இருக்குல்ல" என்பார். ஒரு மாதப் படங்கள் எனக்குக் குப்பையாயின.

மனைவியிடம் சொன்னேன். "அண்ணன் எனக்காகப் போட்டது. கழட்டுன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றாள். கடைசியில் அவரே இறங்கிவந்தார். தானியங்கியைக் கழற்றிவிட்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஸ்விட்ச் வைத்தார். கை நிறையச் சாமானோடு வந்தாலும் முட்டியால் தட்டிப் போடலாம் என்று கீழ் ஸ்விட்சை முட்டி உயரத்தில் வைத்தார். அதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இரண்டு பேரையும் நிற்கவைத்துச் செய்து காட்டினார்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. படம் ஓடும்வரை விளக்கு இல்லை, யாரும் மேலே வரக் கூடாது, டார்ச்சுக்கு இடமே இல்லை. மூடி போட்டதும் நான் மேல் ஸ்விட்சைப் போடுவேன். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவர் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வருவார். வந்தாலும் படிக்கு அடியில் நின்று ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். உட்கார்ந்து, யார் வீட்டில் எந்த வயர் எரிந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். டீ நன்றாகத்தான் இருக்கும்.

பிறகு உறவுக்காரர் ஒருவர் வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

"நம்ம மாப்ள ராத்திரியெல்லாம் மாடியில என்ன பண்றார்னு தெரியுமா?" என்று மைத்துனர் ஆரம்பித்தார். "கேமராவுக்கு மூடி போட்டுட்டுப் படம் எடுக்கிறார்."

"மூடி போட்டா என்னண்ணே தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருட்டு தெரியும். அதையும் ஒண்ணோட விட மாட்டார். வரிசையா எடுப்பார். போன இருட்டும் இந்த இருட்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும்ல! நான் ஊருக்கெல்லாம் லைட் போடுறவன். எனக்கு வாய்ச்ச மாப்ள இருட்டைச் சேத்து வைக்கிறவர்."

கூடமே சிரித்தது. என் மனைவியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கு "மூடி மாப்ள" என்று பெயர். சின்னப் பிள்ளைகள்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டு ஓடும். இது என்னைப் பாதித்தது என்று எழுதிவிடாதீர்கள். தரக்குறைவான கல் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு என்ன? அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் நான் சொல்லவில்லை. எண்ணம் என்று ஒன்று இருப்பதற்கே அங்கே இடம் கிடையாது.

அந்தக் குளிர்காலத்தில் நான் குதிரைத்தலை நெபுலாவை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சிவப்பாக ஒளிரும் வாயு. அதற்கு முன்னால், அந்த ஒளியை மறைத்துக்கொண்டு, குதிரையின் தலை மாதிரி ஒரு கரிய மேகம். அது அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாய்ந்துவிடுவதற்குமுன் நிலவில்லாத, மேகமில்லாத ஓர் இரவு இன்னும் தேவைப்பட்டது. லென்ஸில் பனி படிகிறது என்று நான் ஒருதரம் முணுமுணுத்ததை மைத்துனர் காதில் வாங்கியிருந்தார். "சூடு குடுக்குற மாதிரி ஒரு பட்டை செஞ்சு தர்றேன் மாப்ள, சுத்திக்கோ" என்று சொல்லியிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இரவு வந்தது. மனைவி வெளியூரில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். பொழுது சாய்ந்ததும் கீழ் ஸ்விட்சைத் திறந்து ஒரு வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, பழையபடி மூடினேன். அதைக் கழற்றினால் மேல் ஸ்விட்சும் வேலை செய்யாது என்று அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தவறிக்கூட வெளிச்சம் வரக் கூடாது என்பதுதான் என் நோக்கம். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர், பிறகு யார் தவறிப் போட்டுவிடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முன்ஜாக்கிரதை என்பது உங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம்.

படங்கள் சுத்தமாக வந்தன. அப்படி ஒரு வானம் வருடத்துக்கு ஒருதடவை வாய்த்தால் அதிர்ஷ்டம். பிறகு, இன்னும் வெளிச்சம் வரவில்லையே என்று மைத்துனர் கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்து, இரும்புப் படிக்கு அடியில் நின்று ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். முட்டியால் ஸ்விட்சைத் தட்டும் சத்தம். எரியவில்லை. "பல்பு போச்சு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏறத் தொடங்கினார். ஆடுகிற படி எது என்று அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் வேறு ஏதோ. கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை.

விழுகிற சத்தம் நீங்கள் நினைக்கிற மாதிரி பெரிதாக இல்லை. பிளாஸ்க் உருண்டதுதான் அதிகம்.

"மாப்ள" என்றார். கொஞ்சம் கழித்து, "மாப்ள, எந்திரிக்க முடியல. கீழ வா" என்றார்.

ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது தளத்தில் நடக்கக் கூடாது என்று சொன்னேனே. அது முடிந்தால் அடுத்தது தானே தொடங்கும். வரிசை அப்படித்தான் அமைத்திருக்கும். நடுவில் நிறுத்தினால் வரிசை கெடும். இது உங்களுக்குப் புரியாது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

பிறகு ஸ்விட்ச் சத்தம் கேட்டது. படுத்தபடியே கையை உயர்த்தித் தட்டியிருக்க வேண்டும். முட்டி உயரம்தானே. டிக். டிக். விடாமல் தட்டினார். விளக்கு எரிந்தால் எதிர்வீட்டில் யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். தட்டித் தட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். கதவுக்கு வெளியே நின்றபடியே எந்த வயர் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடியவர் அவர். தெருவில் அதற்குப் பெயர் வாங்கியவர். ஸ்விட்ச் நின்றபிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. தங்கச்சி, தங்கச்சி என்று இரண்டு தடவை கேட்டது. அவள் ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கிழக்கு வெளுத்ததும் கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். தொலைநோக்கிக்கு உறை போட்டேன். இறங்கிப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். மக்கள் நம்ப விரும்புகிறவர்கள். அவர் கையில் இருந்தது அந்தப் பட்டை. பழைய வயர்களை வைத்துச் செய்து, மேலே துணி சுற்றி, அலங்கோலமாகத் தைத்திருந்தார். மறுமாதம் கட்டிப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்கிறது. அது உங்களுக்குச் சாட்சியமாகத் தேவைப்படாது என்றால் திருப்பித் தந்துவிடுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்ததாக மார்தட்டிக்கொள்ள வேண்டாம். கண்டுபிடித்தது என் மனைவி. விளக்கு ஏன் எரியவில்லை என்று கீழ் ஸ்விட்சை அவளே திறந்தாள். எலக்ட்ரீஷியன் தங்கை, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும். டேப்பைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "எங்க அண்ணன் டேப்ப இவ்வளவு நேர்த்தியாச் சுத்த மாட்டான்" என்றாள். உங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான். இத்தனை வருடத்தில் அவள் என் வேலையில் தரத்தைக் கவனித்தது அந்த ஒருமுறைதான்.

ஆகவே, வீட்டுக்காக இல்லை. படத்துக்காக. அந்தச் சொல்லை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். குதிரைத்தலை நெபுலாவின் ஒரு சுத்தமான படத்துக்கு எதிரில், ஊரெல்லாம் பல்பு மாட்டிக்கொண்டு திரிந்த ஒரு மனிதர். எடை போட்டுப் பார்க்கத் தெரிந்தவனுக்கு இதில் குழப்பமே வராது.

படிக்கு அடியில் நின்று அவர் என்ன கேட்டார் என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அதில் ஒன்றுமில்லை. வழக்கமாகக் கேட்பதுதான். "மூடி போட்டாச்சா மாப்ள?" என்றார்.

"போட்டாச்சு மச்சான், வாங்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. போட்டுத்தான் இருந்தது.