எண்ணிக்கை நின்ற பிறகு

கும்மிடிப்பூண்டி காலை வண்டியில் ஜன்னலோர இடம் கிடைப்பது கஷ்டம், ஐயா. மீஞ்சூரில் ஏறுகிற ஆசீர்வாதம் எனக்காகத் துண்டு போட்டு வைப்பான். நான் பொன்னேரியில் ஏறுவேன். நல்ல பையன். அதை யாரும் மறுக்க முடியாது.

எங்கள் கம்பெனியில் கதிர்வீச்சைக் கண்டறியும் சிலிக்கான் வில்லைகள் செய்கிறோம். காசளவுதான் இருக்கும். அவற்றின் மீது அயனிகளைப் பாய்ச்சிச் சோதிப்பது என் பொறுப்பு. ஒவ்வோர் அயனி விழும்போதும் என் மேசையிலுள்ள கருவி எண்ணிக்கொள்ளும். அயனிகள் பிறக்கிற கலம் கம்பிவலைக் கூண்டுக்குள் லட்சம் வோல்ட்டில் நிற்கும். அதைப் பழுது பார்ப்பவன் ஆசீர்வாதம். கூண்டுக் கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும்.

போன தையில் ஆசீர்வாதத்தைப் பற்றி என் மகள் கனகா சொன்னாள்: "நைனா, அவரு நம்ம ஊட்டுக்கு வந்து உங்கிட்ட பொண்ணு கேக்கணும்னு இருக்காரு. நீ இன்னா சொல்ற?"

"வரட்டும்மா" என்றேன். வந்தான். பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். அவன் அப்பா எங்கள் பங்காளிகளின் நிலத்தில் நாற்று நட்டவர். நான் அதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை. பங்காளிகள் பார்ப்பார்கள். அவர்கள் கையில் சிக்கியிருந்தால் அவனை எப்படிப் போட்டுத் தள்ளியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கனகாவையும் விட்டிருக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் நிதானமாக யோசிக்க வேண்டியிருந்தது.

சம்பவம் நடந்த அன்று கம்பெனியில் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கலத்துக்குப் போகும் வாயுவை மூடினேன். வாயு நின்றால் அயனி இல்லை. கருவியின் எண்ணிக்கை அப்படியே நின்றது. மின்சாரம் நிற்கவில்லை.

"கலம் மக்கர் பண்ணுதுப்பா, பாரேன்" என்றேன்.

அவன் எண்ணிக்கை நின்றிருப்பதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஆஃப் பண்ட்டீங்களா சார்?"

"பண்ணிட்டேன். போ."

வோல்ட் மீட்டரைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. நான் சொன்னால் போதும் அவனுக்கு. கதவு சுவிட்சில் நீங்கள் கண்டெடுத்த செம்புக் கம்பி நான் கட்டியதுதான். கதவு திறந்தும் மின்சாரம் நிற்காமலிருக்கக் காலையிலேயே கட்டிவிட்டேன்.

அடக்கம் முடிந்து வந்த கனகா கேட்டது ஒன்றுதான். "நைனா, நீ பக்கத்துல இருந்தியே. அவருக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றேன். அது பொய் இல்லை. என் மடியில் தலையைப் போட்டு அழுதாள். தாயில்லாத பிள்ளை, நான்தான் தலைவாரி வளர்த்தேன். முடியைக் கோதிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் இருந்து வெகுகாலமாகிறது.

நீங்கள் கம்பியோடு என்னைக் கைது செய்ய வீட்டுக்கு வந்தபோது அவளும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனாள். இப்போது அவன் அம்மா ஆரோக்கியமேரியோடு மீஞ்சூரில் இருக்கிறாளாம். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொள்கிறார்களாம்.

கோபம் ஆறட்டும். வந்துவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.