முன்கூட்டிப் போட்ட சோறு

யாருடைய முகமாவது வாடினால் எனக்குப் பொறுக்காது, அஜரத். ஆலங்குடியில் யாரைக் கேட்டாலும் இந்த நைனா முகமதுவைப் பற்றி அதைத்தான் சொல்வார்கள். என் வாடகைப் பாத்திரக் கடைக்குக் கவலையோடு வரும் கல்யாண வீட்டார் சிரித்துக்கொண்டுதான் திரும்புவார்கள். நான்கு அண்டா இருந்தால் ஆறு தருகிறேன் என்பேன். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டீர்கள். வேலை இருந்திருக்கும். அதனால் சாவகாசமாக எழுதித் தருகிறேன்.

என் தம்பி பீர் ஒலிக்கு இரண்டு கிட்னியும் பழுதானது உங்களுக்குத் தெரியும். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டை போய்வந்தான். என்னுடையதும் தங்கை சம்சாத்தினுடையதும் அவனுக்குப் பொருந்தும் என்றார் டாக்டர். சம்சாத் மலேசியாவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். ஆனால் இரண்டு கைக்குழந்தைக்காரியை அறுப்பதற்குத் தம்பிக்கு மனசில்லை. வீட்டில் ஒரே அழுகை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் நீங்கள் தொழுகைக்கு முன் மேடையில் நின்று பயான் செய்தீர்கள். சத்தியத்தை முறித்தவர் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும், அல்லது உடுப்புக் கொடுக்க வேண்டும், வழியில்லாதவர் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும் என்றீர்கள். எவ்வளவு இரக்கமான மார்க்கம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்துப் பேரைக் கடைக்கு அழைத்து வந்தேன். வீட்டில் சாப்பிடுவதில் நடுத்தரமானது போதும் என்று சொல்லியிருந்தீர்கள். நான் பிரியாணியே போட்டேன், காலையும் மதியமும். பூக்காரி இருளாயி இலையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு என்ன விசேசங்க?" என்று கேட்டாள்.

"இனிமேத்தான் ஆத்தா" என்றேன்.

சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு தம்பி வீட்டுக்குப் போனேன். "அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்றேன், என் கிட்னி ஒனக்குத்தான். தங்கச்சிய ஊருக்கு அனுப்பு" என்றேன். அந்த வீடு சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தம்பி என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அவன் மனைவி பர்வீன் அந்த நேரத்திலும் பாயசம் காய்ச்சிவிட்டாள். சம்சாத் மறுவாரமே விமானம் ஏறினாள். இரண்டு மாதத்தில் உண்டாகியிருக்கிறாள் என்று நல்ல செய்தியும் வந்தது. இனி அவளிடம் கேட்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் தேதி மூன்று தடவை வந்தது. முதல் தடவை வைகாசி முகூர்த்தம், கடையை யாரிடம் விட்டுப் போவது? இரண்டாம் தடவை இருமல் என்றேன். மூன்றாம் தடவை போனை அணைத்துவிட்டுக் கீரமங்கலத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தேன். கத்தி என்றாலே எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தம்பி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடைசியாகப் போனில், "அண்ணே, எப்பண்ணே வாரீங்க?" என்றான். "நாளைக்கு வாரேன்டா" என்றேன். சந்தோஷமாக வைத்துவிட்டான். சொன்னபடி மறுநாள் போனேன். ஜனாஸாவைத் தூக்குவதற்குள் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஆக, சத்தியத்தை முறித்தவன் நான்தான், மறைக்கவில்லை. சத்தியம் செய்த அன்றே கொடுக்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் யோக்கியமாக முதலிலேயே சோற்றைப் போட்டேன். நீங்களோ எழுந்து போகும்போது, "முறிக்கிறதுக்கு முந்திப் போட்டா அது பரிகாரம் இல்லைங்க, வெறும் சாப்பாடு" என்று மட்டும் சொன்னீர்கள். சரி, சட்டம் என்றால் சட்டம். திரும்பவும் போட வேண்டியதுதான்.

வருகிற வியாழக்கிழமை தம்பிக்கு நாற்பதாம் நாள். பர்வீன் தன் வளையலை விற்று ஏழைகளுக்குச் சோறு ஆக்குகிறாள். எப்படியும் ஐம்பது பேர் வருவார்கள். அதில் ஒரு பத்துப் பேரை என் பேரில் வைத்துக்கொண்டால் கூடுமா, அஜரத்?