கால் திருகு

எங்கள் வீட்டில் தோற்றுப் பழக்கமுள்ளவன் நான் ஒருவன்தான் ஐயா. அக்காவுக்கு அந்த அனுபவம் கிடையாது. மூன்றாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள்.

வேறு கிரகத்தில், செடிகள் விடும் காற்றை மட்டும் சுவாசித்து மனிதர் வாழ முடியுமா என்று பார்க்க, எங்கள் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி அறையைக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். உள்ளே கோதுமை, கீரை, உருளைக்கிழங்கு, அக்கா. தொண்ணூறு நாள். வெளியே உட்கார்ந்து பிராணவாயு மீட்டரைப் பார்த்துக் குறிக்கும் உத்தியோகம் எனக்கு. அதுவும் அவள் சிபாரிசில் கிடைத்தது.

நாற்பத்தோராம் நாள் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. விதிப்படி கதவைத் திறந்துவிட வேண்டும். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியருகே வந்து நின்றாள்.

"கதவுல கை வச்சே, அப்புறம் நீ என் தம்பியே இல்ல."

"மூஞ்சி வெளுத்துப் போச்சுக்கா."

"உன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவல. வேலையப் பாருடா."

கதவில் கை வைக்கவில்லை. பின்புறக் குழாயில் ஒரு திருகு இருந்தது. அதைக் கால் சுற்று திருப்பினேன். அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம், அவள் தூங்கும்போது, வெளிக்காற்று உள்ளே போனது. முள் தேறியது.

"பாத்தியாடா, செடிங்க பழகிடுச்சு" என்றாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

பரிசோதனை வெற்றி. துல்லியமான அளவீட்டுக்காக எனக்கும் ஒரு சான்றிதழ் தந்தார்கள்.

அந்தத் தொண்ணூறு நாளை நம்பி, அக்காவோடு இன்னும் ஐந்து பேரை நிஜமாகவே அந்தக் கிரகத்துக்கு அனுப்பினார்கள். வழியனுப்பும்போது சொல்லியிருக்கலாம். அம்மா அவ்வளவு பூரித்துப்போய் நின்றாள். அந்த இடத்தில் அதைச் சொன்னால் நன்றாக இருந்திருக்காது.

இரண்டாம் மாதம் அங்கிருந்து செய்தி வந்தது. "டேய், இங்கயும் காத்து குறையுது. திரும்பிக் கிளம்பணும்னா ஏழு நாள்தான் டைம். கிளம்பிடவா? அங்க தானாத் தேறுச்சே, இங்கயும் தேறுமா?"

கிளம்பு என்றால் ஏன் என்று கேட்பாள். "தேறும்க்கா, கொஞ்சம் பொறு" என்று எழுதினேன்.

பொறுத்தாள். பத்தாம் நாள் வந்ததுதான் கடைசிச் செய்தி. பாதி எழுத்து இடம் மாறிக் கிடந்தது. "செடி மேல தப்பில்லடா. நான்தான் சரியாப் பாத்துக்கல. ரிப்போர்ட்ல அப்படியே போட்டுடு."

ஆறு பேர் ஐயா. அறிக்கை எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது. காரணம் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். அக்கா சொன்னதை நான் என்றைக்கும் மீறியதில்லை.