நகராத ட்ரெய்லரும் நவ்ரீன் வண்டியும்

— இன்ஜின ஆஃப் பண்ணு நவ்ரீனு. ஹீட்டு முள்ளு செவப்புக்கு ஏறிக்கினு கீது.

— ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவுமா ணா? ஃபேன கழட்டித் தூரப் போட்டது நீதான? "ஓட்ற வண்டிக்கு காத்தே போதும்"னியே. இப்ப எங்க ஓடுது?

— ரேஸுல ஓட்றதுக்குக் கழட்னேன். எக்ஸ்பிரஸ் ரோட்டுல நிக்கிறதுக்கா கழட்னேன்? ஆஃப் பண்ணும்மா. ஸ்டார்ட் ஆவலன்னா தள்றேன். அண்ணன் நான் கீறேன் இல்ல?

— எந்தப் பக்கம் தள்ளுவ? முன்னாடி ட்ரெய்லரு, பின்னாடி ட்ரெய்லரு, பக்கத்துல ட்ரெய்லரு. கடலுதான் காலியா கீது.

— டிவைடர் மேல ஏத்தி அந்தாண்ட எறக்கிட்டா?

— வண்டிய எவ்ளோ எறக்கி வெச்சிகீறோம்? ஸ்பீட் பிரேக்கர்லயே கோணலா ஏத்தி எறக்கிக்கினு வந்தேன். டிவைடர்ல ஏத்தினா அடிவயிறு கிழிஞ்சிரும், சொல்லிட்டேன். அதுவும் அந்தாண்ட மட்டும் இன்னா வாழுது? எல்லாம் ராங் சைடுல பூந்து அங்கயும் அடச்சிக்கினு கீறானுங்க.

— சரி சரி, என்னாண்ட காயாத. எனக்கு முட்டியே மரத்துப்போச்சு. பின் சீட்டயும் கழட்டிட்ட, முன் சீட்டயும் கழட்டிட்ட. கூடப் பொறந்தவன டயரு மேல குந்த வெச்சிகீற.

— உன்ன யாரு வரச் சொன்னது? உன் ட்ரெய்லர போர்ட்டு க்யூவுல வுட்டுட்டு வராதன்னு நேத்தே தலபாடா அட்ச்சிக்கினேன்.

— நான் வராம டயருக்கு காத்து யாரு பாப்பா? போன தபா நான் வரல. அவனுங்க வெச்ச காத்துல வண்டி பின்னால வழுக்கி, கடைசி திருப்பத்துல கோன் மேல பட்டு, அதுக்கு டைம்ல ரெண்டு செகண்டு ஏத்திட்டானுங்க. கப்பு கையவுட்டுப் போச்சா இல்லியா?

— அத ஏன் ணா இப்ப நாபகப்படுத்துற?

— அதுக்குத்தான் இந்தத் தபா ஃபிக்ஸா வந்துட்டேன். வண்டி க்யூவுல நிக்கிது, சாவிய இருதயம்மா டீக்கடைல குடுத்துட்டேன், கூட ட்ரெய்லரு ஓட்ற கோதண்டண்ணன் வந்து வாங்கினு வண்டிய போர்ட்டு உள்ள இட்டுக்கினு பூடுவாரு. நீ எதயும் ரோசன பண்ணாத.

— ஃபோன் அடிக்குது பாரு.

— அவருதான். கோதண்டண்ணன். நாஷ்டா துன்னாச்சா, வெத்தல வாங்கியா, அதான் கேப்பாரு. வாயத் தொறந்தா மூட மாட்டாரு. கட் பண்றேன்.

— எடுத்துதான் பேசேன்.

— இன்னிக்கு உன் நாளு. இன்னிக்கு எவன் ஃபோனும் எடுக்க மாட்டேன். தோ, சைலண்ட்ல போட்டேன் பாரு.

— காலைல அம்மா வேற. வூட்டு சாவி காணோம்னு ஒரே கூச்சலு. உள்தாப்பா போட்டுக்கினு குந்திருன்னு சொல்லிட்டு வந்தேன். நீ பாத்தியா அந்த சாவிய?

— ஃப்ரிட்ஜு மேல இருக்கும். நம்ம அம்மா காத்தூன் பீவிக்கு கூச்சல் போடக் காரணமா வேணும்? அத வுடு. ரேஸு நடத்துற மேத்யூ சார் இன்னா சொன்னாரு?

— பதினோரு மணிக்கு வண்டி செக்கிங் மூடிருவாங்களாம். அதுக்கு மேல வந்தா வண்டிய உள்ள வுட மாட்டாங்க. கெஞ்சிப் பாத்தேன் ணா. "உனக்கு வுட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா"ன்றாரு. அவரு சொல்றதும் நாயந்தான்.

— இன்னும் நேரம் கீது. இன்ஷா அல்லா போயிரலாம்.

— ஸ்ரீபெரும்புதூரு கிரவுண்டு வரிக்கும் பறக்கணும். இங்க காசிமேடே வரல.

— பறக்காதா நம்ம வண்டி?

— நிக்கிற வண்டி எப்டி ணா பறக்கும்?

— தோ வராம்பாரு அசோகன். ட்ரெய்லரு ஓட்றவந்தான், நம்ம தோஸ்து. முன்னாலருந்துதான் வரான், கேப்போம். அசோகா! எப்பா அசோகா! இங்க!

— அட, பாயி! இன்னா நைனா, இந்த டப்பாக்குள்ள டயரோட டயரா சுருண்டுக்கினு கீற? ஆரு, தங்கச்சியா? சலாம்மா.

— சலாம் ணா. முன்னாடி இன்னா ஆச்சு?

— அத கேக்காதம்மா. க்யூ நவுந்துச்சு, முன்னாடி கீற வண்டிங்க எல்லாம் கேட்டுக்குள்ள பூட்ச்சு. ஒரே ஒரு ட்ரெய்லரு மட்டும் நடுவுல மரம் மாரி நிக்கிதாம். டிரைவர் கெடயாது, சாவி கெடயாது, கதவு பூட்டிக் கீதாம். பின்னால கீற அவசரக்குடுக்க ஒருத்தன் சுத்திக்கினு போலாம்னு வண்டிய ஒட்ச்சிகீறான். அது அப்டியே குறுக்க மாட்டிக்கிச்சி. ரோடு க்ளோஸு.

— நீ பாத்தியா அந்த வண்டிய?

— நான் எங்க பாத்தேன்? ஜனம் பேசிக்கினு கீது. கிரேன் வரணுமாம். கிரேனு வரதுக்கு வழி எங்க கீது, சொல்லு நைனா.

— பேமானி! எவன்டா அவன்? நடுரோட்ல வண்டிய வுட்டுட்டு சாவியோட பூட்டானா? எவ கூட சினிமா பாக்கப் போனானோ! லைசென்ச கிழிச்சிக் கடல்ல போடணும். என் கைல மாட்டுனா ரெண்டா பொளந்துருவேன்.

— சும்மாரு ணா. பாவம், அவனுக்கு இன்னா அவசரமோ. வூட்ல யாருக்கு இன்னாவோ.

— நீ ஒருத்தி, எல்லாருக்கும் பாவம் பாரு. உனக்கு எவன் பாவம் பாக்கறான்?

— கோச்சிக்காத பாய். இன்னாம்மா வண்டி இது? பழைய எட்டுநூறு காராட்டம் கீது, ஆனா உருமுது. சீட்டே காணோம்.

— ஆட்டோகிராஸ் வண்டி ணா. காலி கிரவுண்டுல கோன் வெச்சிருப்பாங்க. ஒவ்வொருத்தரா ஓட்டணும். நேரா ஓட்றதில்ல, கோன சுத்தி வளச்சி வளச்சி ஓட்டணும். ஆரு சீக்கிரம் முடிக்கிறாங்களோ அவங்களுக்கு கப்பு.

— எவ்ளோ நேரம் ஓட்டுவ?

— ஒரு நிமிஷம். அதுக்கும் கம்மி.

— ஒரு நிமிஷத்துக்கா நைனா இம்மாம் பேஜாரு?

— அசோகா, அப்டி சொல்லாத. மூணு வருஷம், ஞாயித்துக்கெழமன்னா மணலி யார்டுல பெயிண்ட் டப்பாவ நட்டு வெச்சி சுத்திக்கினு கெடந்துச்சு இந்தப் பொண்ணு. இதான் கடைசி ரவுண்டு. பாய்ண்ட்டுல இவதான் மொதல்ல கீறா. இன்னிக்கு ஓட்னா கப்பு. அடுத்த வருஷத்துலருந்து இந்தப் பழைய வண்டிக்கு க்ளாஸே கெடயாதுன்னு சொல்ட்டானுங்க. புது வண்டி வாங்கி ரெடி பண்ண நாங்க எங்க போறது?

— அப்ப இன்னிக்கு வுட்டா...

— வுட்டா அவ்ளோதான் ணா. இந்த வண்டிக்கும் அவ்ளோதான், எனக்கும் அவ்ளோதான்.

— அட, அழாதம்மா. பாய், உன் ட்ரெய்லரு எங்க? நீ க்யூவுலதான நேத்து நின்ன?

— அது இந்நேரம் போர்ட்டு உள்ள பூட்ருக்கும். கோதண்டண்ணன்கிட்ட வுட்டுகீறேன்.

— நீ குட்த்து வெச்சவன் நைனா. நான் போய் இன்னா ஏதுன்னு பாத்துட்டு கொரலு குடுக்கறேன்.

— பாத்து சொல்லு அசோகா. அந்த கஸ்மாலம் மாட்டுனான்னா புட்சி வெய்யி, நான் வந்துர்றேன்.

— அண்ணா.

— இன்னாம்மா?

— கிரவுண்டுல போயி தோத்துட்டு வந்தாக்கூட மனசு ஆறிடும். நான் தப்பு பண்ணேன், தோத்தேன்னு சொல்லிக்கலாம். இங்க குந்திக்கினு தோக்கறது எப்டி ணா? ஸ்டீரிங்கு கைல கீது. ஒண்ணியும் பண்ண முடில.

— ஏய், கண்ணத் தொட. போறப்ப கண்ணு தெளிவா கீணும். நான் சொல்றதக் கேளு. நான் டெய்லி இங்கதான் நிக்கிறேன். நின்னுக்கினே வயசாவுது எனக்கு. நீ ஓட்றத பாக்கறப்ப, அந்த ஒரு நிமிஷம், நானே ஓட்ற மாரி கீது. தெர்தா? அதான் எல்லாத்தயும் போட்டுட்டு ஓடி வந்தேன்.

— தெரியும் ணா.

— அழுவாத. அண்ணன் நான் கீறேன் இல்ல?

— நீ கீற. அதான் இம்மாம் நேரம் தாக்குப் புடிச்சிக்கினு கீறேன்.

— சொம்மா குந்திக்கினு கீறதுக்கு ஒரு வேல செய்யலாமா? வெயில்ல நின்னு நின்னு டயரு சூடேறிப் போச்சு. காத்து ஏறிருக்கும். இங்கயே பாத்து எறக்கி வெச்சிட்டா அங்க போனதும் நேரா செக்கிங்குல நிறுத்திக்கலாம்.

— பாரு ணா. காத்து பாக்குற மீட்டரு எடுத்துக்கினு வந்தியா?

— அது இல்லாம வருவனா? நேத்துலருந்து பேன்ட் பாக்கெட்லதான் கீது. போன வருஷம் மாரி எவனும் சுட்டுக்கினு பூடக்கூடாதுன்னு சாவிக் கொத்துல மாட்டி வெச்சிகீறேன். நேத்து டீக்கடைலகூட, இருட்டுல, மீட்டரு இதோட பூடப்போவுதுன்னு தடவிப் பாத்துட்டு மத்த கொத்ததான் குட்த்தேன்.

— அப்ப எறங்கி பாரு. முன்னாடி ரெண்டும் மொதல்ல.

— எறங்கிட்டேன். இரு, பாக்கெட்ல மாட்டிக்கிச்சி... வந்துருச்சு.

— எவ்ளோ காட்டுது? ணா, காத்த பாக்க சொன்னா மீட்டரயே பாத்துக்கினு நிக்கிற?

— இந்தக் கொத்து...

— இன்னா ணா? மூஞ்சி ஏன் இப்டி போவுது? வெயிலா? தண்ணி குட்ச்சிட்டு வந்து பாரு. அண்ணா! எவ்ளோ காட்டுதுன்னு சொல்லேன்.

— நவ்ரீனு.

— ம்.

— இருதயம்மாகிட்ட நான் குட்த்தது வூட்டு சாவிம்மா. அங்க நிக்கிறது என் வண்டி.