ஒரே மனையில் இரண்டு பூமி பூஜை

செவ்வாய்க்கிழமை மதியம், பாகூரிலிருந்து வில்லியனூர் போகும் பேருந்தில் குறித்துக்கொண்டது இது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வில்லியனூர்க் கடைவீதியில், தியேட்டரை இடித்தபின் காலியாகக் கிடக்கும் மனையின் ஓரமாகச் சாயங்கால இட்லிக் கடை போடுபவள் ஒருத்தி. மற்றவள் அவள் நாத்தனார்.

"அந்த மனைல ரெண்டு தபா பூமி பூஜை போட்டுட்டாங்கடி" என்றாள் கடைக்காரி.

"இன்னா அண்ணி சொல்ற?"

"மொத பூஜை மார்க்கெட்டுக்கு, ஒரு மூலைல. ஒனக்கும் உள்ள ஒரு கடைன்னாங்க. போன வாரம் வேற ஆளுங்க வந்து பஸ் ஸ்டாண்டுக்குன்னு எதிர் மூலைல பூஜை போட்டாங்க. அதுல எனக்கு எடமே இல்லியாம்."

"நீ சும்மாவா இருந்த?"

"சக்கரப் பொங்கல் வெச்சிக் குடுத்தேன்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "ஒன் கடைய தூக்கறதுக்கு நீயே பொங்கலா!"

"நம்ம கடை வாசல்ல நல்ல காரியம் நடக்குது, கைய கட்டிக்கினு நிக்க முடியுமாடி? மொத பூஜைக்கும் நான்தான வெச்சேன்."

"எந்த பூஜை செல்லும்னு ஐயர கேக்கறதுதான?"

"கேட்டேன். ரெண்டுக்கும் அவருதான் வந்தாரு. ரெண்டுமே நல்ல முகூர்த்தம்ன்றாரு."

அப்போது கடைக்காரியின் கைப்பேசி அடித்தது, அவள் வீட்டுக்காரர். மனைக்கு ஜேசிபி வந்திருக்கிறதாம்.

"எந்த மூலைல தோண்டறாங்க, பாரு! மார்க்கெட்டு மூலையா, பஸ் ஸ்டாண்டு மூலையா?" என்று கத்தினாள். பதிலைக் கேட்டுவிட்டு, மெதுவாக நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டுக்கும் நடுவுல தோண்டறாங்களாம்டி."

அந்தப் பள்ளம் எந்தக் கட்டடத்துக்கு என்பதை, இதை எழுதும் வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.