விதைக்கு விட்ட காய்

ஐயையோ, வீடு பூட்டிக் கிடக்குன்னு அந்தத் தாளை அங்க ஒட்டிராதீங்க தம்பி! அது பக்கத்து வீட்டு மெஹராஜ் வீடு, அவ இங்கனதான் இருக்கா. பொதுக் கக்கூசுக்குப் போயிருக்கா, காலையில அங்க எம்புட்டு வரிசை நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? பூட்டு தொங்குனா ஆளில்லாத வீடாயிருமா? சர்வேக்கு வந்தா கொஞ்சம் பொறுமையும் வேணும்லா. பத்தே நிமிசம், எங்க வாசப்படியில உக்காருங்க. அட, நல்லாத் தமிழ் பேசுதீங்களே! மாட்டுங்காவா? அங்கதான் நம்ம தமிழாளுக நெறையல்லா, அதானே பாத்தேன்.

இந்தாங்க, இதை உரிச்சு வாயில போடுங்க. பச்சைப் பட்டாணிதான், மட்டர். கடையில வாங்குனது இல்ல. மேல பாருங்க, நம்ம தகரக் கூரை மேல பெயிண்ட் டப்பாவா நிக்குல்லா, அதுல காய்ச்சது. சிரிக்காதீங்க. பம்பாய் வெக்கையில பட்டாணியான்னு எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிச்சாரு.

மொத வருசம் மூணு ரகம் போட்டேன். மளிகைக்கடைக் காஞ்ச பட்டாணி பாதி முளைக்கவே இல்ல. குட்டை ரகம் நல்லாக் காய்க்கும், கம்பே வேண்டாம், ஆனா வெயில் ஏறுச்சோ இல்லையோ பொசுக்குன்னு கருகிரும். மூணாவது கொடி. காய் சின்னது, ஆனா அம்புட்டு இனிப்பு. அதுல ஒத்தச் செடி மட்டும் மார்ச் வரைக்கும் பூத்துச்சு. விடுவேனா? அதுல எடுத்த விதைதான் இது. நல்ல காயாப் பாத்துச் சிவப்பு நூலைக் கட்டிருவேன். நூல் கட்டுன காயை ஒருத்தரும் தொடக்கூடாது. செடியிலயே காஞ்சு கலகலன்னு ஆடணும், அதான் அடுத்த வருச விதை. மிச்சம்தான் குருமாவுக்கு.

இதுக்கெல்லாம் ஏது நேரம்னா கேக்கீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க! நேரத்தைத் தவிர எங்கிட்ட என்ன இருக்கு? ஐரோலியில ஒரு கேண்டீன்ல வேலை பாத்தேன். குடிசையெல்லாம் இடிச்சுட்டு பில்டிங் கட்ட சர்வே வருதுன்னதும் எங்க வீட்டுக்காரரு, பூட்டிக் கிடந்தா புது பில்டிங்குல ரூம் கிடைக்காது, நீ வீட்டோட இருன்னுட்டாரு. இருந்தேன். இன்னும் இருக்கேன். தங்கச்சி வளைகாப்புக்குக்கூட ஊருக்குப் போகல. மூச்சு முட்டுது தம்பி, சத்தியமாச் சொல்லுதேன். ஆகாசம் தெரியுத ஒரே இடம் அந்தத் தகரம்தான்.

அந்தா வாறா! ஏ மெஹராஜ், வெரசா வா, சர்வே தம்பி காத்துக்கிட்டு இருக்காரு. ரேஷன் கார்டை எடு மொதல்ல!

எழுதிட்டீங்களா? நல்லா இருப்பீங்க. என்னது, எங்க நம்பரா? அது லிஸ்ட்டுல இருக்குமே, நல்லாப் பாருங்க. பூட்டிக் கிடந்துச்சுன்னு போட்டிருக்கும். போன வருசம் ஜனவரி, எங்க வீட்டோடதான் சர்வே நின்னு போச்சு. பெருச்சாளி பூந்துருமேன்னு கதவைப் பூட்டிட்டு, மேல ஏறி நூல் கட்டிக்கிட்டு நின்னேன். பக்கத்துப் பட்டறை மிசின் சத்தத்துல கீழ தட்டுனது கேக்கல. எறங்கி வந்து பாத்தா கதவுல தாளு. யாரும் பாக்குமுந்திக் கிழிச்சுட்டேன். விதை டப்பாவுக்கு அடியில கிடக்கு.

மனுக் குடுக்கலாம்தான். அதுக்கு வீட்டுக்காரரு கையெழுத்து வேணுமாம்லா. சர்வே பாதிச் சந்தோட நின்னு போச்சு, நம்ம வீட்டுக்கு இன்னும் வரலன்னுதான் அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு. இன்னைக்கு வேலைக்குப் போகையிலயும் சொல்லிட்டுத்தான் போனாரு, மாரீஸ்வரி, சர்வேக்காரன் எப்ப வேணா வருவான், வாசலை விட்டு அசையாதன்னு.