சதுப்பு மரங்களை எண்ண வந்தவள்

எனக்குப் புறம் பேசும் பழக்கம் கிடையாது. கண்ணில் பட்டதைச் சொல்வேன், அவ்வளவுதான். அதற்கே நான் வருவது தெரிந்தால் தெருவில் பாதிப் பேருக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற ஞாபகம் வந்துவிடும். நீங்களாவது உட்கார்ந்து கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். சந்தோஷம்.

என் வீட்டு மாடியில் குடியிருந்தவளுக்கு ‘இலைக்காரி’ என்று பெயர் வைத்தது நான்தான். கடலோரச் சதுப்பில் எத்தனை வகை மரம் இருக்கிறது என்று எண்ணி ஆய்வு எழுத வந்தவள். முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒருவன் இருந்தான், போய்விட்டான். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. அவள் கடிதங்கள் என் கை வழியாகத்தான் மாடி ஏறும். சில உறைகள் சரியாக ஒட்டியிருக்காது.

நீர் வற்றும் வேளையில் சேற்றில் இறங்குவாள். பக்கத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டிச் சதுரம் போடுவாள். உள்ளே நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்ட தகரத்தை மாட்டி, என்ன வகை, எவ்வளவு உயரம் என்று எழுதுவாள். துணைக்கு நான். முதல் வாரத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது, அதுவும் ஒரு தெருதான். முட்டுக் கொடுத்தாற்போல் வேரை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் நிற்பது கண்டல். காய் கிளையிலேயே முளைவிடும்; அந்தப் பிள்ளை ஒரு முழம் வளரும்வரை மடியை விட்டு இறக்காது. அதற்குப் பின்னால் வெண்கண்டல். உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். என்னைப் போல, வயிற்றில் எதுவும் தங்காது.

இப்படிச் சொன்னால் இலைக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். “அப்புறம் என்னக்கா?” என்பாள். சார், இந்த ஐம்பத்திரண்டு வயதில் என்னை யாரும் ‘அப்புறம்?’ என்று கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது ‘போதும்’ என்பார்.

“பதினொரு வகை ஆச்சுக்கா. இன்னும் நாலு சதுரம்தான். அடுத்த வாரம் கிளம்பிடுவேன்” என்றாள் ஒருநாள், மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி.

“அதுக்குள்ள எங்க பறக்கறே அம்மாடி?”

“வேற கடற்கரைக்கு. அங்கயும் எண்ணணுமே.”

“அங்க உனக்கு யாரு கதை சொல்லுவா?”

“அங்கயும் ஒரு அக்கா கிடைக்காமலா போயிடுவாங்க?”

விளையாட்டுக்குச் சொன்னதுதான். நானும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சதுப்பில் தில்லை என்று ஒரு மரம். இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வரும். கண்ணில் பட்டால் பார்வையைப் பறித்துவிடும். அதன் கிட்டே போனால் தானும் கண்ணாடி மாட்டி, எனக்கும் ஒன்று மாட்டிவிடுவாள். அவ்வளவு அக்கறை. கிளம்புவதாகச் சொன்ன மறுநாள் வேலை முடிந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகம் துடைக்கக் கையை நீட்டினாள். துண்டைக் கொடுத்தேன். சற்று முன்புதான் தில்லைக் கிளையை ஒடித்த கையை அதில் துடைத்திருந்தேன். மறதியாகக் கொடுத்ததாக எழுதிக்கொள்ளலாம் என்று பார்க்கிறீர்கள். என் ஞாபகசக்தியைப் பற்றித் தெருவில் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

“ஒரு வாரத்துல சரியாயிடும்மா” என்றார் கண் டாக்டர். “தினம் நாலு வேளை சொட்டு மருந்து விடணும். யாரு விடுவா?”

“நான் இருக்கேனே டாக்டர்.”

“அக்கா இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ” என்றாள் அவள். டாக்டர் காதுபடச் சொன்னாள். சாட்சி இருக்கிறது.

நல்ல நாட்கள் சார் அவை. கண்ணில் கட்டோடு படுத்திருப்பாள். நான் மீதிச் சதுரங்களுக்குப் போய் இலை பறித்து வருவேன். தடவிப் பார்த்து, முகர்ந்து, வகை சொல்வாள். எண்ணிக்கை முடிந்துவிடக் கூடாதே என்று ஒருமுறை கொல்லை வேலியில் பறித்து நீட்டினேன்.

“பன்னிரண்டாவது வகையாக்கா? துணி காயப்போடற வேலியிலயா கண்டுபிடிச்சீங்க?” என்று சிரித்தாள். சோப்பு வாசனை காட்டிக்கொடுத்துவிட்டதாம்.

ஆறாம் நாள் மருந்து விடக் கட்டை அவிழ்த்ததும், “ஜன்னல் தெரியுதுக்கா. கம்பி நாலு” என்றாள். அன்று மாலை மருந்துப் புட்டியில் ஒரு சொட்டு கூடியது. மருந்தல்ல. அதன்பின் கண் கொஞ்சம் தெளியும்போதெல்லாம் ஒரு சொட்டு. ஏழு வாரம். டாக்டர் மூன்று தடவை மருந்தை மாற்றினார். பாவம், தன் படிப்பின்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எரிச்சல் தாங்காமல் அவள் கத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? நான். தெருவில் ஒருத்தி எட்டிப் பார்த்தாளா?

பிறகு அவள் அம்மா வந்து அழைத்துக்கொண்டு போனாள். மறக்காமல் புட்டியையும் கையோடு எடுத்துப் போனாள். அந்த அம்மா கெட்டிக்காரிதான், அதையும் சொல்ல வேண்டும்.

என் கை படாத பத்தே நாளில் இடது கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது, வலது கண் இனி தேறாது என்கிறீர்கள். இரண்டையும் கெடுத்தது நான்தான்; எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒன்றே ஒன்று சார். தேறி வரும் கண்ணுக்கு நாலு வேளையும் தவறாமல் மருந்து விட வேண்டும். அந்த அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, நானே பார்த்தேன். பழகிய ஆள் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். அவளுக்கும்தான் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?